தேடி வருபவருக்கே நூல்: எஸ். ஆர். ரங்கநாதனின் வாழ்வும் யாழ். பொது நூலகமும்

ஆண்டுதோறும் மே மாதம் முடிந்து யூன் பிறக்கும்போது நாம் ஒரு நூலகத்தை நினைவுகூருகிறோம். 1981ஆம் ஆண்டு மே 31 நள்ளிரவில் மூட்டப்பட்ட தீயில் யாழ். பொது நூலகத்தின் 97,000 வரையான நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாகின. தமது வீட்டில் நூல்களைச் சேர்த்து அந்த நூலகத்துக்கு வித்திட்ட க. மு. செல்லப்பா, அதை ஊர்ச் சொத்தாக வளர்க்கப் பாடுபட்ட புனித பத்திரிசியார் கல்லூரி அதிபர் லோங் அடிகளார், எரியும் நூலகத்தைக் கண்ட அதிர்ச்சியில் உயிர் துறந்த தாவீது அடிகளார் ஆகியோரின் பெயர்கள் அந்த நினைவுகூரலில் தவறாமல் வரும். இன்னொரு பெயர் அங்கே அரிதாகவே கேட்கும். 1950களில் அந்த நூலகம் திட்டமிடப்பட்டபோது நூலகவியல் ஆலோசகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதனின் பெயர் அது.

நூலகத் துறையில் இருப்பவர்கள் அவரை நன்கு அறிவர். நூல்களைப் பகுக்கும் புதிய முறையொன்றைத் தந்தவர், இந்திய நூலகவியலின் தந்தை என்று பாடப்புத்தகங்களில் படித்திருப்பர். ஆனால் அவருடைய வாழ்வு நூலகர்களுக்கு மட்டும் உரியதல்ல. ஒரு கோப்பைத் தேடி, ஒரு பெயர்ப் பட்டியலைத் தேடி, ஒரு காணிப் பதிவைத் தேடி அலுவலகப் படிகளில் ஏறி இறங்கிய அனுபவம் எம்மில் பலருக்கு உண்டு. அறிவையும் பதிவையும் கையில் வைத்திருப்பவர் அதைத் தேடி வருபவருக்கு என்ன கடமைப்பட்டவர் என்ற கேள்வியைத் தமது வாழ்நாள் முழுவதும் கேட்ட மனிதர் அவர்.

சீர்காழியிலிருந்து சென்னைக்கு

எமது சைவ மக்களுக்குத் திருஞானசம்பந்தர் பிறந்த ஊராகத் தெரிந்த சீர்காழியில், 1892ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ரங்கநாதன் பிறந்தார். அவரது பெயரின் முன்னால் நிற்கும் முதல் எழுத்து அந்த ஊரையும் இரண்டாவது எழுத்துத் தந்தை ராமாமிருதத்தையும் குறிப்பவை. தந்தை ஊரவர்க்கு இராமாயணம் படித்துப் பொருள் சொல்பவர். மகனுக்கு ஆறு வயதானபோதே அவர் இறந்துவிட்டார். தந்தையற்ற அந்தப் பிள்ளைக்குப் பேச்சில் திக்கலும் இருந்தது. அந்தத் திக்கலை வென்று பின்னாளில் ஆசிரியராக வகுப்பில் நின்று பேசும் நிலைக்கு வந்தார்.

ஊரில் பள்ளிப் படிப்பை முடித்தபின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்து, 1916இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அங்கே அவருக்குக் கணிதம் கற்பித்த எட்வேட் றொஸ் என்ற பேராசிரியர் வாழ்நாள் முழுவதும் அவருக்கு வழிகாட்டியாக இருந்தார். 1917 முதல் மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். வகுப்பறையே தமது இடம் என்று அவர் நம்பியிருந்தார். நூலகம் அவரது கனவில்கூட இருக்கவில்லை.

1923இல் சென்னைப் பல்கலைக்கழகம் தனது முதலாவது நூலகர் பதவிக்கு விண்ணப்பம் கோரியது. சுமார் 900 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் ஒருவரேனும் நூலகப் பணியில் முறையான பயிற்சி பெற்றிருக்கவில்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால் விண்ணப்பித்த ரங்கநாதன், நேர்முகத் தேர்வுக்குச் சில நாட்களுக்கு முன் பிரித்தானியக் கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்தார். அத்துறையில் அவருக்கிருந்த அறிவு அவ்வளவுதான். பதவி அவருக்கே கிடைத்தது.

1924 ஜனவரியில் பணியேற்றவருக்கு முதல் வாரத்திலேயே வெறுத்துப்போனது. மாணவர்களின் முகங்களுக்குப் பழகியவருக்கு, ஆட்கள் வராத மண்டபமும் அசையாத புத்தகங்களும் சிறையாகத் தோன்றின. மாநிலக் கல்லூரி அதிபரிடம் போய் பழைய வேலையைத் திரும்பத் தருமாறு கேட்டார். அதிபர் ஒரு நிபந்தனை வைத்தார். புதிய நூலகர் பயிற்சிக்காக லண்டன் செல்ல வேண்டும் என்பது ஏற்கனவே ஏற்பாடு. அங்கே போய்வந்த பின்னரும் வெறுப்பு நீங்காவிட்டால் மீண்டும் வகுப்பறைக்கு வரலாம் என்றார் அவர். அந்த நிபந்தனையோடு ரங்கநாதன் 1924 செப்டெம்பரில் கப்பலேறினார்.

லண்டனில் கண்டது

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகர் பள்ளியில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் பேர்விக் சேயர்ஸ். அவர் குரொய்டன் நகரப் பொது நூலகத்தின் தலைவராகவும் இருந்தார். அவரது வழிகாட்டலில் ரங்கநாதன் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை நேரில் சென்று பார்த்தார். அங்கே கண்ட காட்சி அவரை உலுக்கியது. தொழிலாளர்கள் வேலை முடிந்து வந்து அடுக்குகளுக்கிடையே நடந்து, தாமே நூலை எடுத்துப் புரட்டினார்கள். சிறுவர்களுக்குத் தனி அறை இருந்தது. நூலகர் எழுந்து வந்து, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டு உதவினார்.

அவர் விட்டுவந்த சென்னையில் வழக்கம் வேறு. நூல்கள் பூட்டிய அலுமாரிகளுக்குள் இருந்தன. வாசகர் துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நூல் உள்ளே இருக்கிறதா இல்லையா என்பது உள்ளேயிருந்து வரும் பதிலைப் பொறுத்தது. ஐரோப்பாவின் இடைக்கால நூலகங்களில் புத்தகங்களை மேசையோடு இரும்புச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த வரலாற்றை ரங்கநாதன் பின்னாளில் விரிவாக எழுதினார். சங்கிலி போய் நூற்றாண்டுகள் ஆன பின்னும், புத்தகத்தைக் காப்பதே தமது வேலை என்று எண்ணும் மனம் நூலகர்களிடம் நிலைத்துவிட்டது என்பது அவரது முறைப்பாடு. காப்பது வேலையின் பாதிதான், கொடுப்பதற்காகவே காக்கிறோம் என்ற தெளிவு அவருக்கு லண்டனில் கிடைத்தது.

இன்னொன்றும் அங்கே கிடைத்தது. ஒரு பெரிய அங்காடியில் சிறுவர்களுக்கான மெக்கானோ விளையாட்டுப் பொருளை விற்பனையாளர் காட்டிக்கொண்டிருந்தார். அதே உலோகப் பட்டைகள், அதே திருகாணிகள். ஆனால் மாற்றி மாற்றிப் பூட்டும்போது வெவ்வேறு உருவங்கள் பிறந்தன. ரங்கநாதன் அதைப் பார்த்தபடி நின்றார். அறிவுத் துறைகளை முன்கூட்டியே செய்த பெட்டிகளுக்குள் அடைக்கும் பழைய பகுப்பு முறைகளுக்கு மாற்று அவருக்கு அங்கே தென்பட்டது. பொருள், செயல், இடம், காலம் போன்ற சிறு கூறுகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நூலுக்கும் தேவையான கூறுகளைப் பூட்டினால் என்ன? நெற்பயிர், அதன் நோய், நோய்க்கான தீர்வு, இலங்கை, 1950கள் என்று ஐந்து கூறுகளைக் கோத்தால் அந்தப் பொருளில் எழுதப்பட்ட நூலுக்கு மட்டும் உரிய முகவரி ஒன்று கிடைத்துவிடும். கூறுகளை இணைக்கும் திருகாணியாக முக்காற்புள்ளிக் குறியை எடுத்துக்கொண்டார். 1933இல் அது கோலன் பகுப்பு முறை என்ற நூலாக வெளிவந்தது.

1925இல் சென்னை திரும்பியவர் மீண்டும் கணித வகுப்பைக் கேட்கவில்லை.

இருபது ஆண்டுகள், திறந்த அடுக்குகள்

சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் அவர் முதலில் செய்தது அடுக்குகளைத் திறந்துவிட்டது. வாசகர் உள்ளே வரலாம், நூலைத் தொடலாம், தேடிவந்த நூலுக்குப் பக்கத்தில் இருக்கும் நூலையும் காணலாம். புத்தகங்கள் திருட்டுப் போகும் என்று சொன்னார்கள். சில போகத்தான் செய்யும் என்பதை அவர் மறுக்கவில்லை. அந்தச் சில நூல்களின் விலையையும், பூட்டிய கதவின் முன் ஆயிரம் வாசகர்கள் இழக்கும் நேரத்தின் விலையையும் தராசில் வைத்துப் பார்க்கச் சொன்னார். கணித ஆசிரியர் அல்லவா, அந்தக் கணக்கை அவர் விடவில்லை.

நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். விடுமுறை நாட்களிலும் திறந்து வைத்தார். வேலைக்குப் போகிறவருக்கு ஓய்வு கிடைக்கும் நாளில் நூலகம் மூடியிருந்தால் அது யாருக்காக என்பது அவரது கேள்வி. வாசகருக்கு உதவுவதற்கென்றே பயிற்சி பெற்ற பணியாளர்களை நிறுத்தினார். தாமும் காலை முதல் இரவு வரை அங்கேயே இருந்தார். இருபது ஆண்டுகளில் விடுப்பே எடுக்கவில்லை என்று அவரது வாழ்க்கையை எழுதியவர்கள் கூறுவர்.

இந்த உழைப்புக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 1928 நவம்பரில் அவரது மனைவி ருக்மணி திருவல்லிக்கேணிக் கோயில் குளத்தில் தவறி விழுந்து இறந்தார். அடுத்த ஆண்டு சாரதாவை மணந்தார். திருமணம் நடந்த அன்றே நூலகத்துக்குத் திரும்பி வந்து வேலை பார்த்தார் என்பது அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் ஒன்று. அதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. வீட்டிலிருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று கேட்பதும் நியாயமே. அவரோடு வேலை செய்வதும் எளிதாக இருந்திருக்காது. தாம் சரியென்று கண்டதில் விட்டுக்கொடாதவர். சென்னையை விட்டு அவர் வெளியேறியதும் துணைவேந்தரோடு ஏற்பட்ட பிணக்கினால்தான்.

ஐந்து விதிகள்

1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவானது. அடுத்த ஆண்டு நூலகர்களுக்கான பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அதே காலத்தில் ரங்கநாதனின் மனத்தில் ஒரு கேள்வி அலைந்துகொண்டிருந்தது. நூலகத்தில் செய்யப்படும் ஆயிரம் சின்னஞ்சிறு வேலைகளுக்கு அடிப்படையான விதிகள் உண்டா? கணிதத்தில் ஒருசில அடிப்படைகளிலிருந்து எல்லாம் பிறப்பதுபோல இங்கும் பிறக்குமா? ஒரு மாலையில் பேராசிரியர் றொஸ் அவரைக் காண வந்தபோது, முதல் விதியைச் சொல்லித் தந்தவர் அவரே. மற்றவை அதைத் தொடர்ந்து வந்தன. 1931இல் அவை நூலாகின.

விதிகள் ஐந்து. கேட்பதற்குச் சிறுபிள்ளைக்கும் விளங்குபவை. புத்தகம் பயன்படுவதற்காக இருக்கிறது என்பது முதலாவது. வாசகர் எவராயினும் அவருக்குரிய நூல் அவரிடம் போய்ச் சேர வேண்டும் என்பது இரண்டாவது. எந்த நூலாயினும் அதற்குரிய வாசகரைத் தேடிக் கொடுக்க வேண்டும் என்பது மூன்றாவது. தேடி வந்தவரின் நேரத்தை வீணாக்காதே என்பது நான்காவது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பது ஐந்தாவது.

இவற்றில் இரண்டாவது விதியே புரட்சிகரமானது. வாசகர் எவராயினும் என்ற சொல்லின் பொருளை ரங்கநாதன் இறுதிவரை இழுத்துச் சென்றார். செல்வருக்கு நூல் இருந்தால் ஏழைக்கும் இருக்க வேண்டும். ஆணுக்கு என்றால் பெண்ணுக்கும். நகரத்தாருக்கு என்றால் கிராமத்தாருக்கும். கண் தெரியாதவர், மருத்துவமனையில் கிடப்பவர், சிறையில் இருப்பவர், கடலில் கப்பலோடு திரிபவர் என ஒருவரையும் அவர் வெளியே விடவில்லை. எழுத்தறியாதவருக்கும் நூலகம் கடமைப்பட்டது, அவருக்கு வாசித்துக் காட்டுவதும் நூலகத்தின் வேலை என்றார். படிக்கத் தெரிந்தவர்கள் சிறுபான்மையினராக இருந்த காலனித்துவ இந்தியாவில் இது எழுதப்பட்டது.

வெறும் எழுத்தோடு அது நிற்கவும் இல்லை. அந்த விதிகள் நூலான அதே 1931இல், மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியில் மாட்டு வண்டியில் ஒரு நடமாடும் நூலகம் கிராமங்களுக்குப் புறப்பட்டது. வாசகர் நூலகத்துக்கு வர முடியாவிட்டால் நூலகம் வாசகரிடம் போகட்டும் என்ற அக்கால நூலக இயக்கத்தின் எண்ணம் அந்த வண்டியில் சக்கரம் பூட்டி ஓடியது.

1948 டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைகள் பிரகடனத்தை ஏற்றது. தகவலைத் தேடவும் பெறவும் பரப்பவும் எவருக்கும் உரிமை உண்டு என்பதை அதன் 19ஆவது உறுப்புரை கூறுகிறது. அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்னரே, சென்னையில் ஒரு நூலகர் அந்த உரிமையை மறுபக்கத்திலிருந்து எழுதிவிட்டார். தேடுபவருக்கு உரிமை உண்டென்றால், கொடுப்பவருக்குக் கடமை உண்டு. அந்தக் கடமையைச் செய்வதற்கு ஊதியம் பெறும் ஒருவர் இருக்க வேண்டும். அவர் தமது வேலையைக் கற்றிருக்க வேண்டும். வந்தவரின் முகத்தையோ குலத்தையோ பார்க்காமல் கேள்வியைப் பார்க்க வேண்டும். இதுதான் அவர் வகுத்த தொழில் அறம்.

சட்டமும் வரியும்

நல்ல மனம் படைத்த நூலகர் ஒருவரை மட்டும் நம்பி ஒரு நாட்டின் அறிவை விட்டுவிட முடியாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். அந்த மனிதர் மாறினால் கதவு மீண்டும் பூட்டப்படும். ஆகவே சட்டம் வேண்டும் என்று 1930இலேயே மாதிரிச் சட்டம் ஒன்றை வரைந்து காசி மாநாட்டில் முன்வைத்தார். சென்னைச் சட்டசபையில் அதை நிறைவேற்றும் முயற்சி முப்பதுகளில் கைகூடவில்லை. சுதந்திரத்தின் பின், கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியாரின் காலத்தில், 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதலாவது நூலகச் சட்டம் அது. சொத்து வரியோடு சேர்த்து ஒரு சிறு தொகையை நூலக வரியாக அறவிட அது வழிசெய்தது. வீட்டு வரி கட்டுகிறவர் எவரோ அவரே நூலகத்துக்கும் பணம் கட்டுகிறார். அப்படியானால் நூலகம் எவருடைய தயவிலும் நிற்பதில்லை. உள்ளே வருபவர் தமது பணத்தில் வாங்கிய நூலையே கேட்கிறார்.

சென்னையிலிருந்து விலகியவர் 1945இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே ஏறத்தாழ ஒரு இலட்சம் நூல்களைப் பதினெட்டு மாதங்களில் தனியொருவராகப் பகுத்து முடித்தார் என்பது அவரைப் பற்றிய வியப்புகளில் ஒன்று. பின்னர் டெல்லிப் பல்கலைக்கழகம், சிலகாலம் சுவிற்சர்லாந்தின் சூரிச், பிறகு உஜ்ஜயினி. 1957இல் பத்மஸ்ரீ விருது. தமது சேமிப்பிலிருந்து ஒரு இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவுவதற்குக் கொடுத்தார். அதற்கு மனைவி சாரதாவின் பெயரும் சேர்த்தே வைக்கப்பட்டது. பிணங்கி வெளியேறிய நிறுவனத்துக்கே வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்தவர் அவர். இறுதிக் காலத்தைப் பெங்களூரில் ஆய்விலும் கற்பித்தலிலும் கழித்து, 1972 செப்டெம்பர் 27ஆம் திகதி காலமானார்.

பாக்குநீரிணைக்கு இக்கரையில்

யாழ்ப்பாணத்தில் செல்லப்பா 1933இல் தமது வீட்டில் தொடங்கிய முயற்சி, அடுத்த ஆண்டு ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் சில நூறு நூல்களோடு பொது நூலகமானது. ஊரவர்கள் நூல் கொடுத்தார்கள், பணம் கொடுத்தார்கள். நிதி திரட்ட களியாட்ட விழாக்களும் அதிர்ஷ்டச் சீட்டிழுப்புகளும் நடந்தன. பெரிய கட்டடம் ஒன்று வேண்டும் என்று ஐம்பதுகளில் முடிவானபோது, லோங் அடிகளார் உள்ளிட்டோர் செய்த ஒரு காரியம் இன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கது. கட்டடத்துக்குச் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனை அழைத்ததோடு நிற்காமல், உள்ளே நூலகம் எப்படி இயங்க வேண்டும் என்பதற்கு ரங்கநாதனின் ஆலோசனையைப் பெற்றார்கள். அழகான வெள்ளைக் கட்டடம் ஒன்றை எழுப்புவது மட்டும் அவர்களது நோக்கமாக இருந்திருந்தால், கட்டடக் கலைஞர் ஒருவரே போதும். வாசகரை முதலில் வைத்து நூலகத்தைச் சிந்தித்த மனிதரை அவர்கள் தேடிப்போனார்கள். 1959இல் அன்றைய மேயர் அல்பிரட் துரையப்பா கட்டடத்தின் முதற்பகுதியைத் திறந்துவைத்தார். பின்னர் சிறுவர் பகுதியும் வந்தது.

அதற்குப் பின் வந்த இருபது ஆண்டுகளில் அந்த மண்டபத்தில் படித்தவர்கள் இன்றும் எம்மிடையே இருக்கிறார்கள். பரீட்சைக்குப் படித்தவர்கள், பத்திரிகை வாசிக்க வந்தவர்கள், அரிய சுவடிகளைத் தேடி வந்த ஆய்வாளர்கள் என்று எல்லோருக்கும் அங்கே ஒரே வாசல்தான். மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நெருங்கிய நாட்களில், தெற்கிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் நகரில் நிறைந்திருந்த ஓர் இரவில், அந்த வாசல் எரிக்கப்பட்டது. ரங்கநாதன் அதைக் காண உயிரோடிருக்கவில்லை. அவர் இறந்து ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

எரித்தவர்கள் அறியாமையினால் எரித்தார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியென்று தோன்றவில்லை. புத்தகம் பயன்படும் பொருள் என்பதை அவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். பயன்படாத பொருளை எரிக்க யாரும் மினக்கெடுவதில்லை.

தீ இல்லாமலும் எரிக்கலாம்

ஆனால் ரங்கநாதனின் வாழ்வு எமக்குச் சொல்லும் செய்தி அந்தத் தீயோடு முடிந்துவிடுவதில்லை. அடுக்கில் இருக்கும் நூல் பட்டியலில் இல்லையென்றால், அது வாசகரைப் பொறுத்தவரை இல்லாத நூல்தான். தவறான இடத்தில் வைக்கப்பட்ட நூலும் தொலைந்த நூலும் அவருக்கு ஒன்றே. பட்டியலிடுவதையும் பகுப்பதையும் அவர் வெறும் எழுதுவினைஞர் வேலையாகப் பார்க்காததற்குக் காரணம் இதுதான். ஒழுங்காகப் பட்டியலிடுவது வாசகருக்குச் செய்யும் சத்தியம். உள்ளே என்ன இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்வது அது.

போர் முடிந்த பின்னர் எமது மக்கள் படும் அலைச்சலை இதோடு வைத்துப் பாருங்கள். காணாமலாக்கப்பட்ட பிள்ளையின் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று கேட்கும் தாய்க்கும், இடம்பெயர்ந்தபோது தொலைந்த காணி உறுதியின் பிரதியைக் கேட்கும் முதியவருக்கும் பல இடங்களில் கிடைக்கும் பதில் ஒன்றுதான். அந்தக் கோப்பு இல்லை, தேடிப் பார்க்கிறோம், பிறகு வாருங்கள். கோப்பு உண்மையில் இல்லையா, தேடப்படவில்லையா, கொடுக்க மனமில்லையா என்பதைக் கேட்பவர் அறிய வழியில்லை. சென்னையில் பூட்டிய அலுமாரியின் முன் துண்டை நீட்டி நின்ற வாசகரின் நிலை அதுவேதான்.

இலங்கையின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் படித்தால், அதில் ரங்கநாதன் உடனே அடையாளம் கண்டிருக்கக்கூடிய சில ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பொது அதிகாரசபையும் தன் பதிவுகளைப் பட்டியலிட்டு, அட்டவணைப்படுத்தி, மக்கள் அணுகக்கூடிய விதத்தில் பேண வேண்டும் என்று அச்சட்டத்தின் 7ஆவது பிரிவு சொல்கிறது. ஒரு தகவலுக்கான கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது அந்தப் பதிவை அழிக்கக் கூடாது. தகவல் கேட்பவர் ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டால், தகவல் அலுவலர் அதைத் தாமே எழுதிக்கொள்ளக் கடமைப்பட்டவர். எழுத்தறியாதவருக்கும் நூலகம் கடமைப்பட்டது என்று 1931இல் எழுதப்பட்டதன் பேரப்பிள்ளை போலவே இந்த ஏற்பாடு இருக்கிறது.

சட்டம் இருப்பதால் மட்டும் கதவு திறந்துவிடாது என்பது எமக்குத் தெரியும். தேசிய பாதுகாப்பு என்ற பெயரில் மறுக்கவும் அதே சட்டத்தில் இடமுண்டு. ஆனால் இல்லை என்று வாயால் சொல்வதற்கும், இல்லை என்று எழுத்தில் தருவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. எழுத்தில் மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு வரை போகலாம். ஆகவே கேட்பதை எழுத்தில் கேட்பதும், பதிலை எழுத்தில் வாங்குவதும் எம் பக்கத்தில் நாம் செய்யக்கூடிய காரியம். மறுபக்கத்தில் மேசையில் இருப்பவர் பல இடங்களில் எம்மவரே. அவரும் ஒரு நூலகரின் இடத்தில்தான் அமர்ந்திருக்கிறார். மேலிடத்து உத்தரவைக் காட்டி எல்லாவற்றையும் அவர் தட்டிக்கழிக்க முடியாது. வந்தவரை எத்தனை தடவை திருப்பி அனுப்பினேன், எவ்வளவு நேரம் காக்க வைத்தேன் என்ற கணக்கு அவருடைய சொந்தக் கணக்கு.

ரங்கநாதனின் பகுப்பு முறையை இன்று உலகில் மிகச் சில நூலகங்களே பின்பற்றுகின்றன. அது கடினமானது, குறியீடுகள் நீளமானவை. ஆயினும் கூறு கூறாகப் பிரித்துத் தேடும் அவரது எண்ணம் இணையத் தேடல்களில் எங்கும் இருக்கிறது. விலை, நிறம், இடம், ஆண்டு என்று வடிகட்டித் தேடும் ஒவ்வொருவரும் அறியாமலே அவர் வகுத்த வழியில் நடக்கிறார்கள்.

எரிந்த கட்டடம் மீண்டும் எழுப்பப்பட்டு வெள்ளையாக நிற்கிறது. எரிந்த சுவடிகள் திரும்பி வரவில்லை. ஆனால் 2005இல் தன்னார்வலர்கள் சிலர் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் பழைய சிறு மலர்களையும் ஒவ்வொன்றாகப் படியெடுத்து, பட்டியலிட்டு, எவரும் கட்டணமின்றிப் படிக்க வைத்திருக்கிறது. வன்னியில் இருப்பவரும் கனடாவில் இருப்பவரும் ஒரே நூலை ஒரே நேரத்தில் திறக்க முடிகிறது. பரண்மேல் கிடக்கும் பழைய பாடசாலை மலரையோ, கோயில் கும்பாபிஷேக மலரையோ, மூடப்பட்ட பத்திரிகையின் பிரதியையோ உங்கள் வீட்டில் வைத்திருந்தால், அதற்கும் எங்கோ ஒரு வாசகர் இருக்கிறார். அவர் அதைத் தேடிக்கொண்டும் இருக்கலாம். அதை அவரிடம் சேர்ப்பிப்பதற்கு நாம் நூலகராக வேலை பார்க்க வேண்டும் என்பதில்லை.